காலித் தட்டோடு விருந்துக்குப் போனோம்

2018 டிசம்பர். மெல்போர்ன் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் ஒருவர் தன் வீட்டு பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டு மெசேஜ் அனுப்பியிருந்தார். முகவரி, நேரம், கடைசி வரியாக "பிரிங் எ பிளேட்". நானும் மனைவியும் அதைப் படித்துவிட்டுப் பெரிதாக யோசிக்கவெல்லாம் இல்லை. கூட்டம் அதிகம் போல, தட்டு பத்தாது, இதிலென்ன, நம்ம ஊரில் விசேஷ வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்டாவும் குண்டாவும் போகாமலா இருக்கிறது? ஒன்று கேட்டார்கள் என்பதற்காக ஒன்றை மட்டும் கொண்டுபோனால் நன்றாக இருக்காது என்று மனைவி எவர்சில்வர் தட்டு ஆறை எடுத்து விளக்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஆறிலும் அவள் பெயர் வெட்டியிருக்கும், கல்யாணத்துக்கு என் மாமியார் கொடுத்தது.

அங்கே போனால் தோட்டத்து மேஜை முழுக்க சாலட், கேக், பாஸ்தா, சுட்ட கோழி. எங்களுக்கு முன்னால் வந்தவர் கையில் பெரிய உருளைக்கிழங்கு சாலட், பின்னால் வந்தவர் கையில் ஏதோ பழக்கேக். நடுவில் நாங்கள், ஆறு காலித் தட்டோடு. வீட்டுக்கார அம்மாள் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ஓ, லவ்லி!" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பாவம், அடக்கிய சிரிப்பில் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. தட்டு கொண்டுவா என்றால், எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது ஒரு பதார்த்தம் செய்து எடுத்து வா என்று அர்த்தமாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கு. அங்கிருந்த ஒரு கிரேக்கப் பாட்டிதான் எங்களைத் தேற்றினார். அவருடைய அம்மா 1950களில் கப்பலில் வந்து இறங்கிய புதிதில் இதேபோலக் காலித் தட்டோடு போய் நின்றாராம், அதைச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தில் மூன்று தலைமுறை சிரித்திருக்கிறது.

அன்று ராத்திரி வீடு திரும்பும்போது எனக்கு உறுத்தியது வேறு விஷயம். பிரிங், எ, பிளேட். மூன்றும் எல்கேஜி வார்த்தைகள். தெரியாத வார்த்தை ஒன்று அதில் இருந்திருந்தால் கூகுளில் தேடியிருப்போம், இல்லை யாரையாவது கேட்டிருப்போம். எல்லாம் தெரிந்த வார்த்தை என்பதால்தான் கேட்கவே தோன்றவில்லை. இங்கிலாந்தில் மூன்றரை வருடம், இப்போது ஆஸ்திரேலியா, நடுவில் தினமும் அமெரிக்காக்காரர்களோடு போன் பேச்சு என்று இருந்தவன் நான். யோசித்துப் பார்த்தால் நான் மாட்டிக்கொண்ட இடம் எல்லாமே இப்படித்தான்.

நான் கோயமுத்தூர்க்காரன். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் படித்து, 2014-இல் நிஜ மான்செஸ்டருக்கு வேலைக்குப் போனபோது ஏதோ மாமன் வீட்டுக்குப் போகிற நினைப்பு எனக்கு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இரண்டாவது நாளே செம மழை, அங்கே மழை என்பது செய்தியே இல்லை. குடை திரும்பிக்கொண்டு தொப்பலாக நனைந்து உள்ளே போனேன். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம், என் பேண்ட்ஸ் முழுக்க நனைந்துவிட்டது, பரவாயில்லை, காற்றில் காய்ந்துவிடும் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த வரிசையில் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரிட்டனில் பேண்ட்ஸ் என்றால் உள்ளாடை. நாம் பேண்ட் என்பது அவர்களுக்கு ட்ரவுசர்ஸ். நமக்கோ ட்ரவுசர் என்றால் சின்னப் பையன்கள் போடும் அரைக்கால் சட்டை. ஆக, மறுநாள் அவர்கள் என்னிடம் "உன் ட்ரவுசர்ஸ் காய்ந்துவிட்டதா?" என்று அக்கறையாகக் கேட்டபோது கிண்டல் செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

"யூ ஆல்ரைட்?" பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அது வெறும் வணக்கம், அவ்வளவுதான். உடம்புக்கு என்ன என்று கேட்பதாக நினைத்து சளி, தூக்கமின்மை எல்லாம் ஒப்பிக்கக் கூடாது. நான் ஒரு வாரம் ஒப்பித்தேன்.

மனைவி வந்து சேர்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், வியாழக்கிழமை ஐந்தரைக்கு 'டீ'க்கு வாருங்கள் என்றார். டீ, கூட இரண்டு பிஸ்கட், மிஞ்சிப்போனால் ஒரு கேக் துண்டு என்று கணக்குப்போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து மணிக்கே வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். அங்கே மேஜையில் பெரிய சீஸ் அண்ட் ஆனியன் பை, வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி, அப்புறம் மேலே கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் பலகாரம். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று யாரிடமோ விசாரித்து, மெனக்கெட்டுச் செய்திருக்கிறார். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் டீ என்பது ராத்திரிச் சாப்பாடு, டின்னர் என்பது மத்தியானச் சாப்பாடு. லண்டன் பக்கம் போனால் இதே கணக்கு மாறும். தின்றோம். வேறு வழி? மனைவி அன்று இரவு ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படுத்தாள்.

அதற்கப்புறம் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும், சாப்பாட்டின் பெயரை விட்டுவிட்டு மணியைக் கேட்க ஆரம்பித்தேன். அதிலும் ஒரு கண்ணி. டீமில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போவதாக ஏற்பாடு, "ஹாஃப் செவன்" என்றார்கள். எனக்கு இது சுலபமாகப் புரிந்தது, அரை, ஏழு, அதாவது நம்ம ஏழரை. எங்களோடு வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஆறரைக்கே போய் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் ஜெர்மனில் 'அரை ஏழு' என்றால் ஏழை நோக்கிப் பாதி வந்தாயிற்று, அதாவது ஆறரை. ஏழரை என்றாலே ஆகாது என்று எங்கள் பாட்டி சொல்வதை அவருக்கு விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து 19:30 என்று எண்ணில் எழுதாத எந்த அழைப்பையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

பார்ன்ஸ்லி பக்கத்து யார்க்ஷயர்காரர் ஒருவர் எங்கள் டீமில் இருந்தார். மான்செஸ்டரிலிருந்து அந்த ஊர் கிட்டத்தட்ட கோவைக்கும் உடுமலைக்கும் உள்ள தூரம்தான். ஒருநாள் அவர் "ஐயம் இன் மீட்டிங்ஸ் நைன் வைல் ஃபோர்" என்றார். ஒன்பது, அப்புறம் நான்கு. நடுவில் இந்த 'வைல்' என்ன செய்கிறது? ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங், நான்கு மணிக்கு ஒரு மீட்டிங், நடுவில் ஆள் சும்மா இருப்பார் என்று நானே முடிவுகட்டி, பதினொரு மணிக்கு அவருக்கு ஒரு வேலையை ஒதுக்கிவிட்டேன். யார்க்ஷயரில் வைல் என்றால் 'வரை'. ஒன்பதிலிருந்து நான்கு வரை. மான்செஸ்டர்க்காரர்களே இதற்காக அவரைக் கலாய்ப்பார்கள். அவரோ பதிலுக்கு, சாதாரண பன்னுக்கு 'பார்ம்' என்று பெயர் வைத்திருக்கிற ஊர் நீங்கள், பேசாமல் இருங்கள் என்பார். அந்த உருண்டை ரொட்டிக்கு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வேறு பெயர், அதற்காக நிஜமாகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு கட்டத்தில் எனக்கும் ஆசை வந்துவிட்டது, உள்ளூர்க்காரன் மாதிரி பேச வேண்டும் என்று. பேக்கரி அம்மாள் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், பஸ் டிரைவரும் அப்படித்தான், நம்ம ஊரில் கடைக்கார அம்மா 'கண்ணு' என்று கூப்பிடுகிற மாதிரி. நானும் நம்பி, மீட்டிங் முடிவில் கிளையண்ட் மேனேஜரான ஒரு பெண்மணியிடம் "தேங்க் யூ, லவ்" என்றேன். மீதியை நான் எழுத விரும்பவில்லை. பேச்சுவழக்கைக் காதால் பிடித்துக்கொண்டால் போதும், வாயால் எடுத்துவிட அவசரம் வேண்டாம் என்பது அன்றைக்கு எடுத்த முடிவு. யார், யாரிடம், எந்த வயதில், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குப் பிடிபட வருடக்கணக்கில் ஆகும்.

ஆனால் எனக்குப் பணியில் நிஜமாக அடி விழுந்தது அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிக்கொண்ட இடத்தில், அதில் நான் வெறும் பார்வையாளன். எங்கள் புராஜெக்டின் இன்னொரு பாதி ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் இருந்தது. ஒரு போன் கால் முடிகிற நேரத்தில் அங்கிருந்த மேனேஜர் பணம் செலுத்தும் பகுதியில் இருந்த கோளாறைப் பற்றி, "லெட்ஸ் டேபிள் தட் ஃபார் டுமாரோஸ் கால்" என்றார். எங்கள் மான்செஸ்டர் லீட் உடனே மைக்கை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, நாளைக்கு அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறார்கள், எல்லா எண்களும் ரெடியாக இருக்கட்டும் என்றார். நான், யார்க்ஷயர்காரர், இன்னொரு பெண், மூவரும் ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து மூன்று மாதக் கோளாறுகளைத் தோண்டி எடுத்து அட்டவணை போட்டோம். மறுநாள் காலில் அந்தப் பேச்சே இல்லை. கடைசியில் லீட் பொறுக்காமல் கேட்டால், "நேற்றே அதை டேபிள் செய்துவிட்டோமே?" என்று அந்தப் பக்கம் ஆச்சரியம். "அதனால்தான் கேட்கிறேன், டேபிள் செய்தீர்களே?" என்று இந்தப் பக்கம் எரிச்சல். மூன்று நிமிடம் இப்படியே போனது. பிரிட்டனில் டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு மேஜைமேல் வைப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு இப்போதைக்கு எடுக்காமல் ஒதுக்கி வைப்பது என்று பொருள். நாளைய காலுக்கு அதை எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதை, நாளைய காலில் எடுப்போம் என்று இவர் கேட்டிருக்கிறார்.

பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சேர்ந்து உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், அவசரமான ஒரு திட்டத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷார் சொல்ல, கூடவே கூடாது என்று அமெரிக்கர்கள் மறுக்க, நீண்ட நேரம் காரசாரமாக வாக்குவாதம் நடந்து, கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதானாம். சர்ச்சிலே தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். அவர்களே மாட்டிக்கொண்டார்கள் என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

இதைவிட ஆபத்தானது பிரிட்டிஷாரின் அடக்கி வாசிக்கும் பழக்கம். எங்கள் லீட் "வீ ஹேவ் எ பிட் ஆஃப் எ பிராப்ளம்" என்று கொலம்பஸுக்கு மெயில் போட்டால், ஏதோ சின்ன சிக்கல், மெதுவாகப் பார்க்கலாம் என்று அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். இங்கேயோ சர்வர் மொத்தமும் படுத்திருக்கும். 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையைச் சீனப் படைகள் சுற்றி வளைத்த சமயம், பிரிகேடியர் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்று சொன்னதாகச் சொல்வார்கள். பிசுபிசுப்பாக இருக்கிறதாம்! பிரிட்டிஷ் காதுக்கு அது ஐயோ என்ற அலறல். அமெரிக்கக் காதுக்கு, கஷ்டம்தான், சமாளித்துவிடுவார்கள். குளோஸ்டர்ஷயர் பட்டாலியனில் 500 பேருக்கு மேல் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரு சொல்லால் மட்டுமே அது நடந்தது என்று நான் நம்பவில்லை, போரில் ஆயிரம் காரணம் இருக்கும். ஆனாலும் இதைப் படித்த பிறகு எங்கள் டீமில் பெயரடைகளுக்குத் தடை போட்டோம். 'கொஞ்சம்', 'சற்று', 'ஓரளவு' எதுவும் கூடாது, எத்தனை கடைகளில் பணம் செலுத்த முடியவில்லை, எத்தனை மணியிலிருந்து என்று எண்ணை எழுது. பாராட்டிலும் இதே தொல்லை உண்டு. 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்று, பிரிட்டிஷ்காரர் சொன்னால் பரவாயில்லை ரகம். ஒரே வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதும் உண்டு, பக்கத்து சீட்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

சரி, அவர்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் எப்படி? நம்ம ஆங்கிலம் அவர்களைப் படுத்திய பாடு தனி.

மான்செஸ்டரில் வீட்டுக்கு அலமாரி கொண்டுவந்த டெலிவரிக்காரர் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போன் செய்தார். நான் மிகுந்த மரியாதையோடு "ப்ளீஸ் கம் டு மை பேக்சைட், சார்" என்றேன். கொல்லைப்புறத்துக்கு நாம் சொல்வது அதுதானே? ஆங்கிலேயனுக்கு அது உட்காருகிற இடம். போனில் நீண்ட மௌனம். இதே உடல்பாகத்தை ஒட்டி இன்னொரு கதை உண்டு. 1942-இல் பிரிட்டனுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அவர்கள் ராணுவமே ஒரு சிறு கையேடு அச்சடித்துக் கொடுத்தது. அதில், 'ஐ லுக் லைக் எ பம்' என்று சொல்லாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. அமெரிக்கனுக்கு பம் என்றால் வேலைவெட்டி இல்லாமல் அழுக்காகத் திரிகிறவன், ஆங்கிலேயனுக்கு நான் மேலே சொன்ன அதே இடம். அரசாங்கமே புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, நமக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

வேலைக்கு ஒரு இன்டர்வியூவில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2008" என்றேன். கல்லூரி முடித்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் கரிசனத்தோடு, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டார். பாஸ்ட் அவுட் என்றால் அவர்களுக்கு மயங்கி விழுவது. 2008-இல் மயங்கி விழுந்ததை எதற்கு பயோடேட்டாவில் முதல் வரியாகப் போட்டிருக்கிறான் என்று அவர் குழம்பியிருப்பார்.

ஆனால் என்னை நிஜமாகவே காயப்படுத்தியது 'டவுட்' என்ற சொல்தான். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு அது கேள்வி. "சார், ஒரு டவுட்" என்று கையைத் தூக்கினால் நல்ல பையன். தமிழிலும் சந்தேகம் கேட்பது என்றுதானே சொல்கிறோம். மான்செஸ்டரில் முதல் ஆறு மாதம் நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும், "ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் யுவர் டிசைன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கம் கேட்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, உங்கள் வடிவமைப்பு தேறாது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். டிசைன் செய்தவர் என்னைப் பார்த்தாலே விறைத்துக்கொள்வார், ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கறுப்புத் தோல் என்பதால்தானோ என்றுகூட ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட்டேன். யார்க்ஷயர்காரர்தான் ஒருநாள் கேண்டீனில், நீ ஏன் அவர் வேலையை எப்போது பார்த்தாலும் நம்ப மறுக்கிறாய் என்று நேராகக் கேட்டார். அப்போதுதான் வெளிச்சம் வந்தது. டவுட்டைத் தூக்கிப்போட்டு 'க்வெஸ்சன்' என்று மாற்றிக்கொண்டேன், இரண்டு வாரத்தில் அந்த டிசைனர் எனக்குப் பிறந்தநாள் கேக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னுடைய சொந்தச் சொற்களாக ஒரு பட்டியல் எழுதி வைத்தேன். டவுட், பேக்சைட், பாஸ்ட் அவுட், அவுட் ஆஃப் ஸ்டேஷன், ப்ரீபோன், கசின் பிரதர். புதிதாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் அவர்களுடைய ஸ்லாங்கைப் படிக்கும் முன்னால் இந்தப் பட்டியலை எழுதச் சொல்வேன். அவர்கள் சொன்னது நமக்குப் புரியாவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். நாம் சொன்னது அவர்களுக்கு வேறாகப் புரிந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

மான்செஸ்டரில் ரஷோம் என்று ஒரு பகுதி, வில்ம்ஸ்லோ ரோட்டில் வரிசையாகத் தெற்காசிய உணவகங்கள், 'கறி மைல்' என்றே பெயர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் டீம் அங்கே போனது. ஒருவர் மெனுவைப் பார்த்துக்கொண்டே என்னிடம், நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, மெட்ராஸ் ரொம்ப ஹாட்டாக இருக்குமா என்றார். மே மாதம் 40 டிகிரி தாண்டும், நீங்கள் டிசம்பர், ஜனவரியில் போவதுதான் நல்லது என்றேன். அவர் கேட்டது மெட்ராஸ் என்ற பெயரில் அங்கே விற்கிற காரக் குழம்பை. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், பிரிட்டிஷ் உணவகங்களில் உருவான சங்கதி அது.

கறி என்ற சொல்லே எனக்கு இரண்டு பக்கமும் உதைத்தது. கொங்கு நாட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி, பேச்சுக்கே இடமில்லை. இங்கிலாந்துக்காரருக்கு அது இந்தியச் சாப்பாடு மொத்தத்துக்கும் பெயர். இந்த நிலைமையில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "வெள்ளிக்கிழமை வீட்டை வாங்கோ, அஞ்சாறு கறி வச்சுக் கதைச்சுக்கொண்டு சாப்பிடுவம்" என்று கூப்பிட்டார். ஐந்தாறு கறி! காலையில் பட்டினி கிடந்து போனேன். கத்தரிக்காய், பயற்றங்காய், பருப்பு, பூசணி, கீரை, எல்லாமே கறிதான் அவர்களுக்கு, வெள்ளிக்கிழமை ஆகையால் அத்தனையும் மரக்கறி. சாப்பாடு அமிர்தம், அதில் குறையே சொல்ல முடியாது. என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து அவர் மனைவி மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் 2018-இல் மெல்போர்ன். இரண்டு ஆங்கிலம் பழகியாயிற்று, மூன்றாவது என்ன செய்துவிடும் என்ற திமிரோடுதான் போனேன். முதல் நாள் ரிசப்ஷனில், "ஹௌ ஆர் யூ கோயிங்?" என்றார்கள். "பை டிராம்" என்றேன். அது நலம் விசாரிப்பு.

மதியம் ஒருவர் காபிக்குக் கூப்பிட்டு, "மை ஷவுட்" என்றார். எதற்குக் கத்தப்போகிறார் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன். ஷவுட் என்றால் இந்த முறை காசு என்னுடையது என்று அர்த்தம், அடுத்த முறை நாம் கொடுக்க வேண்டும், அதை மறந்தால் பெயர் கெடும். கடற்கரைக்குப் போகும்போது 'தாங்ஸ்' போட்டுக்கொண்டு வா என்பார்கள், பயப்பட வேண்டாம், உள்ளாடை இல்லை, ஹவாய் செருப்புதான். 'ப்ளடி' நம்ம ஊரில் சட்டைக் காலரைப் பிடிக்க வைக்கிற வார்த்தை, இங்கே தேங்காய்ச் சட்னி மாதிரி எல்லாவற்றோடும் பரிமாறுவார்கள். ஆஸ்திரேலிய சுற்றுலாத் துறையே 2006-இல் அந்தச் சொல்லை விளம்பர வாசகத்தில் வைத்து, பிரிட்டன் டிவியில் கொஞ்ச நாள் தடை வாங்கியது.

'யா, நா' என்பார்கள், ஆமாம், இல்லை. ஆமாமா இல்லையா? கடைசியில் வருவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், 'யா, நா' என்றால் இல்லை, 'நா, யா' என்றால் ஆமாம். நான் தலையை ஆட்டுவதைப் பார்த்து ஆமாமா இல்லையா என்று அவர்களும் இதே குழப்பத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், கணக்கு சரியாகிவிட்டது.

பெரிய விபத்து ஒன்று நடந்தது. கொலம்பஸ் ஆட்களிடமிருந்து நான் பொறுக்கிக்கொண்ட ஒரு நல்ல வாசகம், "ஐயம் ரூட்டிங் ஃபார் யூ", உன் பக்கம்தான் நான் நிற்கிறேன், ஜெயித்து வா என்று. டீமில் ஒரு பெண் பதவி உயர்வுக்கான இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரிடம் உரக்கச் சொல்லி வாழ்த்தினேன். ரூட் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் கட்டில் சம்பந்தப்பட்ட அர்த்தம். நல்ல வேளை, அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே 'பேரக்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்திவிட்டுப் போனார். ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து சீசனில் மெல்போர்னில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியே நீ எந்த அணிக்கு பேரக் செய்கிறாய் என்பதுதான். வீட்டுக்கு வந்து மான்செஸ்டர் நண்பருக்கு இதைச் சொன்னேன். பிரிட்டனில் பேரக் செய்வது என்றால் மேடையில் இருப்பவரைக் கூச்சல்போட்டுக் கேலி செய்வது, பார்த்து நடந்துகொள் என்றார். இதனால்தான் சொல்கிறேன், ஒரு நாட்டில் கற்ற சொல்லை அடுத்த நாட்டுக்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். "உனக்கு நல்லபடியாக அமையட்டும்" என்று மொட்டையாகச் சொன்னால் எந்த ஊரிலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காய்கறி மார்க்கெட்டில் மட்டும் மனைவிக்கு ஒரு சந்தோஷம், குடமிளகாயை இங்கே நம்ம ஊர் மாதிரியே கேப்சிகம் என்கிறார்கள். அந்தத் தைரியத்தில் லேடீஸ் ஃபிங்கர் இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்திரேலியாவில் லேடி ஃபிங்கர் என்பது ஒரு வாழை ரகம். இரண்டு பேரும் மாறி மாறி விளக்கிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் அவள் விரலால் காற்றில் வெண்டைக்காய் வரைந்து, நறுக்கி, வழுவழுப்பையும் நடித்துக் காட்டிய பிறகுதான் "ஆ, ஓக்ரா!" என்றார். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. பெயர் இடித்தால் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பொருளை என்ன செய்வோம் என்று சொல்லிவிடுவது. பார்பிக்யூ அழைப்பிலும் நான் அதைச் செய்திருக்க வேண்டும், "பிளேட்டா, அதில் ஏதாவது வைத்துக் கொண்டுவர வேண்டுமா?" என்று ஒரு வரி திருப்பிக் கேட்டிருந்தால் முடிந்தது. இப்போதெல்லாம் எதையும் என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தலையாட்டுகிறேன். கொஞ்சம் மந்தம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

தட்டு விவகாரம் முடிந்த அடுத்த வாரம், வீட்டுக்குப் பெட்ஷீட் வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பெண் எஸ்கலேட்டரைக் காட்டி, "மான்செஸ்டர், லெவல் டூ" என்றாள். நான் அங்கிருந்து வந்தவன் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். மாடியில் போய்ப் பார்த்தால் கொட்டை எழுத்தில் தொங்குகிறது பலகை, மான்செஸ்டர். அதன் கீழே பெட்ஷீட், தலையணை உறை, துண்டு, மேஜைவிரிப்பு. அந்தக் காலத்தில் பருத்தித் துணி மூட்டை மூட்டையாக மான்செஸ்டரிலிருந்து வந்திறங்கியதால், வீட்டுத் துணிக்கே அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட அப்படித்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா கோயமுத்தூரில் முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்தவர், 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் மில் ஆரம்பித்ததிலிருந்து கதை சொல்லத் தெரிந்தவர். அன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டேன்.

"மான்செஸ்டர்ல ரெண்டு பெட்ஷீட் வாங்குனேனுங்கப்பா."

"ஏஞ்சாமி, ஆஸ்திரேலியா போறேன்னுதானே சொல்லீட்டுப் போன? மறுபடியும் அங்கயே போயிட்டியா?"

"இல்லீங்கப்பா, இங்க பெட்ஷீட்டுக்கே பேரு மான்செஸ்டருங்க." முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அது கெடக்கட்டும், ஓரத்துல டேக் இருக்கும் பாரு."

பையிலிருந்து எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். "மேட் இன் இந்தியான்னு போட்டிருக்குதுங்கப்பா."

"கரூரா இருக்கும்," என்றார் அப்பா. "எவ்வளவு குடுத்த?"